புயல் மாதத்துக் காலி அறை

ஜூன் 18

அப்பாவுக்கு,

உறை மேல உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். பிரிச்ச கையோட அம்மாகிட்ட நீட்டிடாதீங்க. போன்ல நான் "அப்பா"ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள "இரு, அம்மாகிட்ட தர்றேன்"னு தப்பிச்சுடறீங்க. போன லீவுல பத்து நாள் வீட்ல இருந்தேன். அந்தப் பத்து நாளும் ஊர்ல இருக்கற லிஃப்ட் அத்தனையும் ஒண்ணாக் கெட்டுப்போச்சு, ரிப்பேர்னு போயிட்டீங்க, உங்களைக் கண்ணால பார்க்கவே முடியல. அதான் கடுதாசி. இதுலேர்ந்து எழுந்து போக முடியாது பாருங்க.

விஷயத்துக்கு வரேன். வருஷா வருஷம் ஆகஸ்ட் பாதியிலேர்ந்து அக்டோபர் கடைசி வரைக்கும் எங்க கப்பல் பாதி காலியாத்தான் ஓடும். புயல் மாசம்னு ஜனங்க பயந்துடறாங்க. காலி அறையைச் சும்மா பூட்டி வைக்கறதுக்குப் பதிலா, வேலை செய்யறவங்களோட அப்பா அம்மா வந்துட்டுப் போகட்டும்னு கம்பெனியில ஒரு ஏற்பாடு. ஒரு வாரம். சாப்பாடு, அறை எல்லாம் அவங்க பொறுப்பு. மத்த மாசத்துல இதைக் கேட்டா சிரிப்பாங்க.

செப்டம்பர் ரெண்டாவது வாரத்துக்கு உங்க ரெண்டு பேர் பேரையும் கொடுத்து வெச்சிருக்கேன். கோவிச்சுக்காதீங்க, வேண்டாம்னா எடுத்துடலாம்.

ஏன் இப்பவேன்னு கேப்பீங்க. நவம்பரோட இந்தக் கப்பல்ல என் வேலை முடியுது. அடுத்தது சரக்குக் கப்பல், உலகத்தோட அந்தக் கோடி. ரெண்டு வருஷம். அதுல யாரையும் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியாது. "ஊர்ல லிஃப்ட் தீர்ந்துபோச்சா, நடுக்கடல்ல போய்த்தான் ரிப்பேர் பண்ணணுமா"ன்னு நான் கிளம்பினப்போ கேட்டீங்களே, அந்த லிஃப்டை எல்லாம் நீங்க ஒரு தடவை பார்க்கணும்னு எனக்கு ஆசை. அவ்வளவுதான்.

அம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்களே சொல்லுங்க.

உங்கள் மகள்


ஜூன் 29

மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சௌகரியம். உன் அம்மாவுக்குத் தோள் வலி, எனக்கு அவளால் தலைவலி. நான் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த இரண்டு நாளில் அவளே மேஜை மேலிருந்து எடுத்துப் படித்துவிட்டாள். இப்போது தெரு முழுக்கத் தெரியும். பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் இரவல் வாங்கிய சக்கரம் வைத்த பெட்டியை வைத்துக்கொண்டு, சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்து பழகுகிறாள். ராத்திரி ரயில்வே ஸ்டேஷனில் படுத்திருப்பது போல இருக்கிறது எனக்கு.

பயணத்தைப் பற்றி. வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

நான் முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்த வேலை என்ன என்பது உனக்குத் தெரியும். கயிறு அறுந்தால் என்ன, கரண்ட் போனால் என்ன, கதவு மாட்டிக்கொண்டால் என்ன என்று மற்றவர்கள் யோசிக்காததை யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். புயல் மாதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிலேயே இருக்கிறது. அறை ஏன் காலியாக இருக்கிறது என்பதற்குக் காரணம் இருக்கும்போது, காலியாக இருக்கிறதே என்று போய் ஏறுவது எந்த ஊர் நியாயம்? மழை கொட்டும்போது கொடியில் இடம் காலியாக இருக்கிறதே என்று துணியைக் கொண்டு போய்க் காயப்போடுவது போல இருக்கிறது.

உன் சித்தப்பாவிடமும் கேட்டேன். அவன் போகலாம் என்கிறான். அவன் போகலாம் என்று சொன்னதே எனக்குப் போதும், போகக்கூடாது என்று முடிவு செய்ய.

மேலும், அரசாங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டும் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. ஒரு வாரம் விட்டுவிட்டு வரமுடியாது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

பின்குறிப்பு: தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்கிறேன். கட்டடம் ஆடாது. கப்பல் ஆடும். அது சாயும்போது கயிறும், அதன் மறுமுனையில் தொங்கும் எடைக்கட்டையும் சும்மா இருக்காதே, என்ன செய்கிறார்கள்?


ஜூலை 12

அப்பாவுக்கு,

பின்குறிப்பைப் படிச்சுட்டு எங்க எலெக்ட்ரிகல் ரூம்ல உட்கார்ந்து சத்தமாச் சிரிச்சேன். கூட வேலை பாக்கற பெரியவர் "என்ன, லவ் லெட்டரா"ன்னு கேட்டார். "ஆமா, எடைக்கட்டையைப் பத்தி"ன்னேன்.

கேளுங்க. ஆள் நிக்கற லிஃப்ட் கூட்டுக்கு நம்ம ஊர் மாதிரி லூசா இடம் விடறதில்ல. ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் உருளையால இறுக்கிப் பிடிச்சிருக்கும். எடைக்கட்டையும் அப்படித்தான், அதுக்குத் தப்பிக்க வழியே கிடையாது. கயிறு ஊஞ்சலாடாம இருக்கறதுக்கு நடுநடுவுல தடுப்பு. அதுக்கும் மேல கடல் ஆட ஆரம்பிச்சா மேலேர்ந்து உத்தரவு வரும், நாங்க ஒவ்வொண்ணா மாடியில நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ள யாரும் இல்லைன்னு பார்த்துட்டுப் பூட்டிடுவோம். அப்புறம் எல்லாரும் படியிலதான். அன்னிக்குப் பூரா என்னைத் திட்டுவாங்க. லிஃப்ட் ஓடும்போது அதை ஓட்டறது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது, நின்னாத்தான் நம்ம ஞாபகமே வரும். இது நீங்க சொன்னதுதான்.

இப்போ புயல். கப்பல்ல மேல் தளத்துல ஒரு அறை, ராப்பகலா வானிலை பார்க்கறதுதான் வேலை. புயல் பிறக்கற இடத்துலேர்ந்தே அதுக்குப் பேர் வெச்சு, ஜாதகம் எழுதி, பின்னாடியே போவாங்க. அது நடக்கற வேகத்தைவிட நம்ம கப்பல் வேகமா ஓடும். அது வடக்கே வந்தா நாங்க தெற்கே போயிடுவோம். இந்த மாசங்கள்ல பயணிங்க சண்டை போடறது புயலுக்காக இல்ல. "அந்தத் தீவைக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து வேற தீவைக் காட்டறீங்களே"ன்னுதான்.

பொய் சொல்லி உங்களைக் கூட்டிட்டு வர எனக்கு இஷ்டமில்ல. போன வருஷம் ஒரு தடவை தப்பிக்க முடியல. ஓரம் பட்டுது. ஒன்றரை நாள். எனக்கு வயித்துல இருந்தது எல்லாம் வெளியே வந்துச்சு, தட்டு எல்லாம் உடைஞ்சுது, பியானோ ஒண்ணு கயிறை அறுத்துட்டுச் சாப்பாட்டுக் கூடத்துல உலா போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா பயந்தேன். ஆகவே ஆகாதுன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர மாட்டேன். நீங்களும் எந்த லிஃப்டுக்கும் அப்படிப் போட்டதில்ல. "பார்த்தேன், இன்னிக்கு நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லுவீங்க. நானும் அதைத்தான் சொல்றேன்.

ஆஸ்பத்திரியைச் சித்தப்பா ஒரு வாரம் பார்த்துக்க மாட்டாரா? அவர் கையில ஸ்பேனர் கொடுத்தா உங்களுக்குத் தூக்கம் வராதுன்னு தெரியும். இருந்தாலும்.

மகள்


ஜூலை 30

மகளுக்கு,

உருளை விஷயம் புரிந்தது. நல்ல ஏற்பாடு. எத்தனை நாளுக்கு ஒரு தடவை மாற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை.

நீ பியானோவைப் பற்றி எழுதாமல் இருந்திருக்கலாம். உன் அம்மாவுக்கு அந்தப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டாமல் தாண்டினேன். அவள் கடிதத்தைப் பிடுங்கி அந்தப் பக்கத்தையே முதலில் படித்தாள். படித்துவிட்டு, "பாவம், எவ்வளவு நல்ல பியானோவோ" என்றாள். இவ்வளவுதான் அவள் கவலை.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு கடல் வரைபடம் வாங்கிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மருந்துக்கடைக்காரர் பேப்பரில் வரும் புயல் செய்திகளைக் கத்தரித்துத் தருகிறார். போன பத்துப் பதினைந்து வருஷத்தில் செப்டம்பரில் வந்தவை எந்த வழியாகப் போயின என்று பென்சிலில் கோடு போட்டுப் பார்த்தேன். குழந்தை கிறுக்கியது போல இருக்கிறது. ஒன்று நேராகப் போகிறது, ஒன்று பாதியில் ஏதோ மறந்துபோனது போலத் திரும்பி வருகிறது. ஒழுங்குக்குக் கட்டுப்படாத பொருளை நம்பி நான் எப்போதும் எதையும் செய்ததில்லை.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். உன் கப்பல் போகும் பாதையில் அந்தக் கோடுகள் குறைவுதான்.

இங்கே நிலைமை சரியில்லை. உன் அம்மா என்னிடம் பேசுவதை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது. பாத்திரங்கள்தான் பேசுகின்றன. நேற்று டீயைக் கொண்டுவந்து வைத்தபோது நானே கேட்டேன்.

"இப்ப என்னதான் வேணும் உனக்கு?"

"ஒண்ணும் வேண்டாம். நீங்க வரலைன்னா நான் போறேன்."

"தனியாவா? நீ தனியா பஸ்ல கூடப் போனதில்லையே."

"யாரு போகவிட்டா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டீ டம்ளரை நேற்று நானே கழுவி வைத்தேன்.

என் முழங்காலும் முன்போல இல்லை. கப்பலில் லிஃப்டை நிறுத்திவிட்டால் அத்தனை படி ஏற முடியாது. சித்தப்பாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் நடவாத காரியம்.

அப்பா


ஆகஸ்ட் 9

அப்பாவுக்கு,

முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் புயல். இப்போ முழங்கால். அடுத்த கடுதாசியில பல் வலி வரும்னு நெனைக்கிறேன்.

ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. புயலே இல்லாத மாசமா இருந்து, கடல் தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி அசையாம இருந்தா, வருவீங்களா?

மகள்

உருளை நாலு மாசத்துக்கு ஒரு தடவை மாத்தறோம்.


ஆகஸ்ட் 21

மகளுக்கு,

உன் கேள்வியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். ஆஸ்பத்திரி மோட்டார் அறையில் தனியாக இருந்தபோது எடுத்துப் படித்தேன். அங்கே பொய் சொல்ல ஆள் இல்லை.

வரமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஏன் என்று கேட்டால் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. ஒரு வாரம். காலையில் எழுந்தால் வேலை இல்லை. எதிரே நீ. என் பட்டறையில் நாம் பேசாமலே நாள் முழுக்க இருந்திருக்கிறோம், ஆனால் நடுவில் ஒரு மோட்டார் பிரிந்து கிடக்கும். "அதை எடு", "இதைப் பிடி" என்பதே பேச்சாக இருந்தது. மோட்டார் இல்லாமல் உன் எதிரே உட்கார்ந்து நான் என்ன பேசுவேன்? மனிதர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்?

போகட்டும். இது எழுதும் விஷயம் இல்லை.

உன் அம்மாவை அனுப்புகிறேன். பஸ்ஸில் துறைமுகம் வரை சித்தப்பா கொண்டுவந்து விடுவான். அவளைப் பற்றிச் சில விஷயங்கள் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். பசித்தாலும் கேட்கமாட்டாள், இரண்டாம் தடவை பரிமாற வருபவரிடம் முதலில் வேண்டாம் என்பாள். மூன்றாம் தடவை கேட்கச் சொல். பிரஷர் மாத்திரை காலையில் ஒன்று. மத்தியானம் சாப்பிட்டதும் தூங்கியே ஆகவேண்டும், இல்லாவிட்டால் சாயங்காலம் அழுகை வரும். காரணம் கேட்காதே, காரணம் இருக்காது. ஜன்னல் ஓரம் அவளுக்குப் பிடிக்கும், ஆனால் யாராவது வந்து நின்றால் எழுந்து கொடுத்துவிடுவாள். எழவிடாதே.

வரைபடத்தில் தெற்கே ஒன்று கிளம்பியிருப்பதாக மருந்துக்கடைக்காரர் சொன்னார். பிறகு அது கரைந்துவிட்டது. அவளிடம் சொல்லவில்லை.

அப்பா


செப்டம்பர் 13, கப்பலிலிருந்து

அப்பாவுக்கு,

இது எப்போ உங்க கைக்கு வரும்னு தெரியல. வந்து சேரும் இடத்துல தபால்பெட்டி நிக்குதான்னும் தெரியல. எழுதாம இருக்க முடியல, அதான்.

புயல் கடைசி நேரத்துல திரும்பிடுச்சு. எங்களைத் தேடி வரும்னு நாங்க தெற்கே ஓடி வந்தோம். அது எங்களை விட்டுட்டு உங்க பக்கம் போகுது. நாலு நாளா இங்க கடல் எப்படி இருக்கு தெரியுமா? மேஜை மேல வெச்ச டம்ளர்ல தண்ணி அசையல. பயணிங்க வெயில்ல படுத்துக்கிட்டு ஐஸ் கேக்கறாங்க. நான் ரேடியோ அறை வாசல்ல போய் நிக்கறேன், "ஏதாவது தெரிஞ்சா சொல்றோம், நீ போய் வேலையைப் பாரு"ங்கறாங்க. ஊர்ல போன் எதுவும் எடுக்கல. வீட்டுக்கு அடிச்சேன், ஆஸ்பத்திரிக்கு அடிச்சேன், மருந்துக்கடைக்கு அடிச்சேன்.

அம்மா முதல் மூணு நாள் எப்படி இருந்தாங்கன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. வந்த மறுநாளே அறையைச் சுத்தம் பண்ண வந்த பொண்ணை உட்கார வெச்சுட்டு இவங்க பெருக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஜன்னல் ஓரத்துல உட்கார்ந்து, ஒரு பெரிய மனுஷர் வந்து நின்னப்போ எழுந்திருக்கல. "உட்காரணும்னா அந்தப் பக்கம் போங்க, இது என் இடம்"னாங்க. தமிழ்ல. அவருக்குப் புரிஞ்சிடுச்சு. என் மோட்டார் அறைக்கு வந்து பார்த்துட்டு, "உங்கப்பா ரூமைவிட சுத்தமா இருக்கு, அவர்கிட்ட சொல்லாதே"ன்னாங்க. சொல்லிட்டேன்.

நேத்திலேர்ந்து அந்த அம்மா இல்ல. மத்தியானம் தூங்கறதில்ல. தளத்துல வடக்குப் பக்கமாப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. அங்க ஒண்ணும் தெரியல, நீல வானம்தான். "நான் விட்டுட்டு வந்திருக்கக் கூடாது"ன்னு ஒரு தடவை சொன்னாங்க. "நீங்க இருந்தா புயலை என்ன பண்ணியிருப்பீங்க"ன்னு கேட்டேன். "கூட இருந்திருப்பேன்"னாங்க.

அப்பா, நீங்க கப்பல் பத்திரமில்லைன்னு சொன்னீங்க. கப்பல் ஓடிப்போயிடுச்சு. வீட்டால ஓட முடியாதுன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தோணவே இல்லை.

எங்க இருந்தாலும் உசரமான இடத்துல இருங்க.

மகள்


செப்டம்பர் 16

மகளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் எழுதுகிறேன், உன் அம்மாவிடம் இந்த ஒரு வரியைப் படித்துக் காட்டிவிட்டு மற்றதை நீ தனியாகப் படி. கம்பெனிக்காரர்கள் தபால் பையை உங்கள் கப்பலுக்கு அனுப்புவதாகத் துறைமுக ஆபீசில் சொன்னார்கள்.

புயல் பதின்மூன்றாம் தேதி வந்தது. காலையிலேயே என்னை ஆஸ்பத்திரிக்கு வரச்சொன்னார்கள். ஆறு பெருகி வருகிறது, கீழ்த்தள வார்டில் இருக்கும் அத்தனை பேரையும் மேலே ஏற்ற வேண்டும் என்றார் பெரிய டாக்டர். இரண்டு லிஃப்ட். ஒன்று பழசு, உனக்குத் தெரியும், கதவு மூடும்போது இருமும். "ரெண்டும் தாங்குமா?" என்று கேட்டார். "நேத்து பார்த்தேன், நல்லா இருந்துச்சு" என்றேன்.

நான் பழைய லிஃப்டுக்குள்ளேயே நின்றுகொண்டேன். நர்ஸ்களும் டாக்டர்களும் கட்டிலைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், நான் கதவைக் கையால் பிடித்துக்கொள்வேன். சித்தப்பா புது லிஃப்டில். நீ நம்பமாட்டாய், அவன் நன்றாகச் செய்தான். ஒரு கட்டிலைக்கூட இடிக்கவில்லை. பிரசவமாகி ஒரு நாள்கூட ஆகாத ஒரு பெண் வந்தாள், குழந்தையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் கதவு. மூன்று மாடி ஏறினோம். குழந்தை என்னையே பார்த்துக்கொண்டு வந்தது.

கடைசிக் கட்டில் மேலே போனதும் இரண்டு கூடுகளையும் மேல்மாடியில் நிறுத்திவிட்டுக் கரண்டை அணைத்தேன். சற்று நேரத்தில் கீழே லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு மத்தியானம் முழுக்கக் காற்று. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை. கட்டிலில் படுத்திருந்தவர்கள் தவிர எல்லோருமே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வீட்டுக்குப் போனேன். இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்த அடையாளம் சுவரில் இருக்கிறது. அதைக் கழுவிவிடலாம். பின்பக்கத்து அறைதான் போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பெரிய மரம் வேரோடு சாய்ந்து கூரையைப் பிளந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறது. ஜன்னல் ஓரமாகப் போட்டிருக்கும் கட்டில் மேல்தான் விழுந்திருக்கிறது. மரம் விழுந்தது மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்து என்று டீச்சரம்மா சொன்னார்கள். அவர்கள் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

அந்த நேரத்தில் அந்தக் கட்டிலில் யார் படுத்திருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நான் அந்த அறை வாசலில் நின்றேன். கிளைக்கு நடுவில் தலையணை தெரிந்தது. ஆகஸ்ட்டில் நான் இன்னும் கொஞ்சம் பிடிவாதமாக இருந்திருந்தால் அவள் போயிருக்கமாட்டாள். புயல் மாதம் என்று சொல்லி நிறுத்தியிருப்பேன். வீட்டில் பத்திரமாக இரு என்று சொல்லியிருப்பேன்.

இதை அவளுக்குப் படிக்காதே. நானே நேரில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா


செப்டம்பர் 24

அப்பாவுக்கு,

கம்பெனி ஆபீஸ் போன்ல அன்னிக்கு ஒரு நிமிஷம் உங்க குரல் கேட்டப்போ, "ம்", "ம்", "சரி", "இரு, லைன் சரியில்லை"ன்னுதான் சொன்னீங்க. அம்மாவுக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. "உங்கப்பா நல்லாத்தான் இருக்கார், பேசவே இல்லை பாரு"ன்னு சொல்லிட்டு அன்னிக்கு மத்தியானம் நல்லாத் தூங்கினாங்க. அதுக்கு அப்புறம்தான் உங்க கடுதாசி வந்துச்சு. தனியாப் படிச்சேன். ரெண்டு தடவை. படிச்சுட்டு அம்மா தூங்கற அறைக்குப் போய், சும்மா பார்த்துட்டு வந்தேன். எழுந்ததும் ஆஸ்பத்திரிக் கதையும் கூரை போனதும் மட்டும் சொன்னேன், கட்டிலைப் பத்திச் சொல்லல.

துறைமுகம் திறந்துட்டாங்க. கப்பல் நேத்து கரைக்கு வந்தாச்சு. அடுத்த ஞாயிறு மறுபடி கிளம்பறோம்.

இப்போ விஷயம் இதுதான்: அம்மா இறங்க மாட்டேங்கறாங்க. "வீட்ல கூரை இல்லைங்கறே, அங்க போய் நான் எதுக்குக் கீழே உட்காரட்டும்? உங்கப்பாவை இங்க வரச் சொல்லு"ங்கறாங்க. அடுத்த பயணத்துக்கு முக்காவாசிப் பேர் வேண்டாம்னு எழுதிட்டாங்க, கப்பல்ல ஆளே இல்ல. மேனேஜர்கிட்ட கேட்டேன். "உங்க அப்பா ஆஸ்பத்திரியில இருந்தாரே, அவரா? அறையை அப்படியே வெச்சுக்கச் சொல்லு"ன்னார். அம்மா அதுக்குள்ள அவர்கிட்டயும் கதை சொல்லியிருக்காங்க.

மறைக்க மாட்டேன். கிழக்கே இன்னொண்ணு கிளம்பியிருக்கு. இன்னும் பேர் வெக்கல. எந்தப் பக்கம் வரும்னு வானிலை அறையில அவங்களுக்கே தெரியல. உங்க வரைபடத்துல நீங்களும் பார்த்திருப்பீங்க. நான் வாங்கன்னு சொல்ல மாட்டேன், வேண்டாம்னும் சொல்ல மாட்டேன். முடிவு உங்களோடது.

பேச வேண்டாம்ப்பா. மூணாம் நம்பர் லிஃப்ட்ல ஒரு மோட்டார் சத்தம் போடுது, பிரிக்கணும்னு இருக்கேன். நீங்க வந்தா பிடிச்சுக்க ஒரு ஆள் ஆச்சு.

மகள்


செப்டம்பர் 26

மகளுக்கு,

தபால்காரரை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். சுவரோடு வரைபடமும் நனைந்து போய்விட்டது, எதையும் பார்க்க வழியில்லை. மருந்துக்கடைக்காரர் பேப்பரைக் கொண்டுவந்தார், வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரி லிஃப்டைச் சித்தப்பா பார்த்துக்கொள்வான். கூரைக்காரன் அடுத்த மாதம்தான் வருவானாம்.

வருகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் துறைமுகத்தில் இருப்பேன். உன் அம்மாவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டுவை. அலமாரியில் மேல் தட்டில் இருந்ததெல்லாம் நனையாமல் இருக்கிறது.

அப்பா


நவம்பர் 30

பாப்பாவுக்கு,

உன் புதுக் கப்பல் விலாசத்துக்கு எழுதும் முதல் கடிதம் இது. போய்ச் சேர எத்தனை நாளாகுமோ தெரியாது. கூரை போட்டாகிவிட்டது. பின்பக்கத்து அறைக்கு உன் அம்மா மஞ்சள் நிறம் அடிக்கச் சொல்லிவிட்டாள், உள்ளே போனால் கண் கூசுகிறது. கட்டிலை ஜன்னலிலிருந்து தள்ளிப் போடலாம் என்றேன். "மரம்தான் விழுந்தாச்சே, இனிமே விழறதுக்கு என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பழைய இடத்திலேயே போட்டிருக்கிறாள்.

அந்த வாரத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது புயல் எங்கேயோ கடலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் செத்துப்போனதாகப் பிறகு படித்தேன். நமக்குத் தெரியவே இல்லை. அலைகூட இல்லை. நான் கொண்டுவந்திருந்த வாந்தி மாத்திரையை அப்படியே மருந்துக்கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.

மோட்டாரைப் பிரித்தது நல்ல வேலை. நீ பேரிங்கைக் கழற்றிய விதத்தில் ஒரு சின்னத் தப்பு இருந்தது, அப்போது சொல்லவில்லை. பிறகு யோசித்ததில் அது தப்பில்லை, உன் வழி, என் வழியைவிடக் கொஞ்சம் சீக்கிரம் என்று தெரிந்தது. சித்தப்பாவுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். உன் பெயரைச் சொல்லித்தான்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்காது. அதற்கு முந்தின நாள் முழுக்க நீ வேலையில் இருந்தாய். ஷிஃப்ட் முடிந்து, அழுக்குச் சட்டையோடேயே தளத்துக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய். "இன்னும் கொஞ்ச நேரத்துல அந்தப் பெரிய தீவு தெரியும்ப்பா, அதுக்குத்தான் எல்லாரும் இந்தக் கப்பல்லயே வர்றாங்க, காட்டறேன்" என்று சொன்னாய். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாய். தலை சாய்ந்து என் தோளில் வந்து நின்றது. கிரீஸ் வாசனை வந்தது.

கொஞ்ச நேரத்தில் மணி அடித்தார்கள். ஜனங்கள் எல்லோரும் எழுந்து அந்தப் பக்கத்துக்கு ஓடினார்கள். உன் அம்மாவும் ஓடினாள். அங்கிருந்து "ஐயோ, எவ்வளவு அழகு" என்று அவள் குரல் கேட்டது. கேமரா சத்தம் கேட்டது. சூரியன் அங்கேதான் இறங்கியிருக்க வேண்டும், எதிர்ச் சுவர் முழுக்கச் சிவப்பாக இருந்தது. நான் இந்தப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கம் வெறும் தண்ணீர்தான். தோள் மரத்துப்போனது. அசைக்கவில்லை.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். நீ அப்போதும் எழவில்லை.

"தீவைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள் உன் அம்மா.

"பார்த்தேன், நல்லா இருந்துச்சு" என்றேன்.

அப்பா